புள்ளிகளுக்குப் பின்னால் இருப்பது

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துக் கொமினிகேஷன் ஒன்றில், பேஸ்புக்கில் வந்த படிவம் ஒன்றைப் பிரின்ட் எடுக்கப் போயிருந்தேன். பேஸ்புக்கைத் திறந்ததுமே முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சல் முகவரியும், அதன் கீழே கறுப்புப் புள்ளிகளாக அவரது கடவுச்சொல்லும் வந்து நின்றன. ‘சேமிக்கவா?’ என்று உலாவி கேட்டபோது அவசரத்தில் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். கடைத் தம்பியிடம் காட்டினேன்.

“அது புள்ளியாத்தானே அண்ணை கிடக்கு? ஒருத்தரும் வாசிக்க ஏலாதே” என்றார்.

அந்தப் புள்ளிகள் பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கான மறைப்பு மட்டுமே. உண்மையான பூட்டு கணினிக்குள் இருக்கிறது. விண்டோஸில் குரோம் உலாவி நம் கடவுச்சொற்களை ஒரு சிறிய தரவுத்தளக் கோப்பில் வைக்கிறது. 2020இல் வந்த 80ஆவது பதிப்பிலிருந்து அவை ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையில், 256 பிட் நீளமான சாவியால் பூட்டப்படுகின்றன. அந்தச் சாவியை ஊகித்து உடைப்பது நடக்காத காரியம். ஆனால் சாவியும் அதே கணினியில் இன்னொரு கோப்பில்தான் இருக்கிறது. அதை விண்டோஸ், நீங்கள் உள்நுழையும் கணக்கோடு பிணைத்துப் பூட்டி வைக்கிறது. ஆகவே விண்டோஸ் கடவுச்சொல் வலுவாக இருந்தால், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போகிறவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

சிக்கல் நீங்கள் உள்நுழைந்த பிறகுதான். உங்கள் கணக்கில் ஓடும் எந்த நிரல் கேட்டாலும், கேட்பது நீங்களே என்று எண்ணி விண்டோஸ் சாவியைத் திறந்து கொடுக்கும். யாரோ பென் டிரைவில் தந்த, உரிமப் பூட்டை உடைத்த கிராக் மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கும் திருட்டு நிரலுக்கும் அப்படித்தான். நெதர்லாந்துப் பொலிஸார் பிற நாடுகளுடன் சேர்ந்து 2024 ஒக்டோபரில் முடக்கிய ரெட்லைன், இப்படி உலாவிகளில் சேமித்தவற்றை அள்ளிய நிரல்தான். அதே ஆண்டு குரோம் தன் 127ஆவது பதிப்பில், சாவியைக் கேட்பது குரோம்தானா என்று சரிபார்க்கும் காவலொன்றை முதலில் குக்கிகளுக்கு (நாம் ஒரு தளத்தில் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு தரவுகளுக்கு) கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே திருடர்கள் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள்.

பயர்பொக்ஸ் உலாவியில் முதன்மைக் கடவுச்சொல் என்று ஒன்று உண்டு. அதை வைத்தால், நீங்கள் தட்டச்சு செய்யும்வரை பெட்டகம் திறக்காது. ஆனால் அதை நாமேதான் இயக்க வேண்டும். பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது என்பதுதான் என் கவலை.

இவ்வளவும் சொன்ன பிறகும், உலாவியில் சேமிக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஒரே கடவுச்சொல்லைப் பத்துத் தளங்களுக்கும் வைப்பது இதைவிட மோசம்: ஒரு தளத்திலிருந்து கசிந்தால் பத்தும் போயிற்று. வங்கித் தளம் போலவே தோன்றும், முகவரியில் ஓரெழுத்து மட்டும் மாறிய போலிப் பக்கத்தில் நம் கண் ஏமாறும். உலாவி முகவரியைத்தான் ஒப்பிடுகிறது; பொருந்தாவிட்டால் தானாக நிரப்பாது. சேமித்த கடவுச்சொல் வராத பக்கத்தில் உடனே நிறுத்தி முகவரியைப் பாருங்கள். அம்மா கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைத்திருப்பதையும் நான் தடுப்பதில்லை. எங்கோ இருக்கும் திருட்டு நிரலுக்கு அந்த அலுமாரி எட்டாது. என் வங்கிக் கடவுச்சொல்லை மட்டும் நான் உலாவிக்குக் கொடுப்பதில்லை. மற்றக் கணக்குகளுக்கு, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டிருக்கிறேன்.

கடைக் கணினியின் கதை வேறு. அங்கே எல்லோருக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு. அதனால் எல்லோர் பெட்டகமும் ஒன்றே. தம்பியோடு இருந்து குரோமின் அமைப்புகளைத் திறந்தபோது வரிசையாக வேறு வேறு ஆட்களின் பெயர்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சேமிக்கவா என்று கேட்கும் வசதியையே நிறுத்தினார். அதற்கு ஒரே ஒரு பொத்தான்தான்.