கியர்ல போட்டா மட்டும் வண்டி நிக்காதுங்க

போன வாரம் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கார் வந்துச்சு, முன்பக்க பிரேக் டிஸ்க் ஓரம் தரையில உரசி சொரண்டியிருக்கு, பக்கத்துலயே பாடிக்கு அடியில ஜாக்கி தலை குத்தின குழி. பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, டயர் மாத்த ஜாக்கியில தூக்கின வண்டி உருண்டு ஜாக்கிய விட்டு எறங்கியிருக்கு. "ஹேண்ட் பிரேக் போட்டீங்களா சார்"னு கேட்டா "ஃபர்ஸ்ட் கியர்ல இருந்துச்சே"ங்கறார். இந்த பதிலை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல.

இப்போ ஓடுற கார்கள்ல பாதிக்கு மேல இன்ஜின் இழுக்கறது முன் வீலைத்தான். அதுல ஒரு வீலை தூக்கிட்டீங்கன்னா, டிஃபரன்ஷியல் (ரெண்டு வீலையும் வேற வேற வேகத்துல சுத்த விடற பல்சக்கர அமைப்பு) இருக்கறதால அந்தரத்துல இருக்கற வீல் சும்மா சுத்தும், தரையில இருக்கறது தாராளமா உருளும், கியர் எதையும் புடிச்சு வைக்காது. ஆட்டோமேட்டிக்ல பார்க்கிங் போட்டாலும் இதே கதைதான். அந்த நேரத்துல வண்டிய நிறுத்தறது பின் வீல்ல இருக்கற ஹேண்ட் பிரேக் மட்டும்தான், அதனால அதை நல்லா இழுத்துட்டு, தூக்கப்போற வீலுக்கு நேர் குறுக்கா இருக்கற வீலுக்கு முன்னாடியும் பின்னாடியும் கல்லு அண்டை குடுங்க. வண்டியோட வர்ற அந்த மடக்கு ஜாக்கி மேல ஏத்த நல்லா ஏத்தும், ஆனா பக்கவாட்டுல ரெண்டு இஞ்ச் தள்ளினா படுத்துரும். மண்ணு தரைன்னா அடியில பலகை வைக்காம ஏத்தவே கூடாது.

நட்டை வண்டி தரையில இருக்கும்போதே அரை சுத்து லூஸ் பண்ணிடுங்க, தூக்கினப்புறம் ஸ்பேனரை மிதிச்சீங்கன்னா ஆடறது வண்டி. ஜாக்கியும் கண்ட எடத்துல வைக்கறதில்ல, கதவுக்கு கீழ விளிம்புல ரெண்டு வெட்டு இருக்கும் பாருங்க, அதுக்கு நடுவுல. தூக்கின உடனே ஸ்டெப்னிய வண்டிக்கு அடியில படுக்கப் போட்டுடுங்க, பழைய வீல கழட்டினதும் அதை உள்ள தள்ளிட்டு ஸ்டெப்னிய எடுத்துக்கலாம். ஜாக்கி சாஞ்சாலும் வண்டி டயர் மேலதான் உக்காரும், அந்த சார் இதை மட்டும் பண்ணியிருந்தா டிஸ்க் தப்பிச்சிருக்கும். கை கால அடியில விடறத பத்தி நான் சொல்லவே வேணாம்.

வீல் துருப்புடிச்சு வரலைன்னா உதைக்காதீங்க, நட்டை லேசா மாட்டிட்டு வண்டிய எறக்குங்க, வெயிட்டுல தானா விடும்.

மாட்டும்போது நட்சத்திரம் போடற மாதிரி எதிரெதிர் நட்டா டைட் பண்ணணும், கடைசி டைட்டு தரையில எறக்கினப்புறம். அதுக்குன்னு ஸ்பேனர் மேல ஏறி குதிக்காதீங்க, நெறைய கார்ல 90லேர்ந்து 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசைதான் கேப்பாங்க, 70 கிலோ ஆளு 30 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில நின்னாலே 200 தாண்டிரும், மரை போயிடும். 50, 100 கிலோமீட்டர் ஓட்டினதும் ஒரு தடவை டைட்டு பாத்துக்கங்க.