மானுக்குப் பாண் வேண்டாம்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களுக்கு யாராவது எதையாவது நீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். பாண் துண்டு, பிஸ்கட், சில நேரம் பையோடு சேர்த்து மிக்சர். வேண்டாம் என்றால் பதில் தயாராக இருக்கும்: "இதுகள் ஊருக்குப் பழகிட்டுது டொக்டர், எல்லாம் தின்னும்."

தின்னும்தான். செரிக்குமா என்பதுதான் மிருக வைத்தியரான என் கவலை.

உடம்பு ஓர் இடத்துக்குப் பழகுவது இலேசான விசயமில்லை. கடினமான இடங்களில் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்க்க நாங்கள் துருவத்துக்குப் போகத் தேவையில்லை. கரைவலையில் மீனோடு ஏறிவரும் கடற்பாம்பையே பாருங்கள். நாக்குக்குக் கீழே உப்பை வெளியேற்றும் சுரப்பி, நீந்துவதற்குத் தட்டையான வால். நீருக்குள் தனக்கு வேண்டிய ஒட்சிசனில் ஒரு பங்கைத் தோலாலேயே எடுத்துக்கொள்ளும். ஆனால் பல இனங்களுக்கு வயிற்றுச் செதில் சிறுத்துவிட்டதால் மணலில் ஊர முடியாமல் அப்படியே கிடக்கும். செத்துவிட்டது என்று நினைத்து யாரும் தூக்கிவிட வேண்டாம். கடித்தாலும் பெரிதாக வலிக்காது, வீங்காது. விஷமோ மிகக் கடுமையானது. கடிபட்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எங்கள் கடலுக்கு வரும் ஸ்பேர்ம் திமிங்கிலம் ஆயிரம் மீற்றருக்கும் கீழே போய், முக்கால் மணித்தியாலம் மூச்சுவிடாமல் இருக்கக்கூடியது. ஒட்சிசனை இரத்தத்திலும் தசையிலும் சேமித்து வைத்துக்கொண்டு, இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். குளத்து முதலை, குளம் வற்றினால் கரையில் வளை தோண்டிப் படுத்துவிடும். இந்த உடம்புகள் அமைய இலட்சக்கணக்கான வருடங்கள் பிடித்திருக்கின்றன.

மான் எங்கள் ஊர்த் தெருவுக்கு வந்தது நேற்று மாதிரி. ஓட்டோவுக்கு விலகவும், குப்பைப் பையைக் கிழிக்கவும் ஒரு தலைமுறையிலேயே கற்றுக்கொள்ளும். வயிறு அப்படி மாறாது. அதன் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லையும் இலையையும் மெதுவாக உடைப்பதற்கென்றே வளர்ந்தவை. பாண், சோறு என்று மாச்சத்து ஒரேயடியாகப் போனால் அமிலம் உண்டாக்கும் கிருமிகள் பெருகும். வயிறு புளித்து, உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபட்டு, மான் எழும்ப முடியாமல் விழுந்துவிடும்.

பொலித்தீன் இன்னும் மோசம். கறியும் உப்பும் ஒட்டிய, சோறு சுற்றும் லஞ்ச்சீற்றை மான் விடவே விடாது. செத்த மானின் வயிற்றைத் திறந்தால் அது முறுக்கிய கயிறாக வரும், நடுவில் நூலும் சாக்குத் துண்டும் சிக்கியிருக்கும். கீழேயும் போகாது, வாந்தியாகவும் வராது. வயிறு நிறைந்த உணர்வில் மான் மேய்வதை விட்டுவிடும். வெளியில் பார்ப்பவருக்கு வயிறு பெருத்த, கொழுத்த மானாகத் தெரியும். இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் பாருங்கள்: தோல் ஒட்டிக் கிடந்தால் அது பட்டினி. கட்டாக்காலி மாடுகளிலும் இதே கதைதான்.

சரி, வரட்சியில் பாவம் இல்லையா என்பார்கள். வரட்சி அதற்குப் பழகிய விசயம். விழுந்த பழத்தையும் காய்ந்த சருகையும் தின்று சமாளிக்கும். தண்ணீர்தான் தேவை. வீட்டு வாசலில் ஒரு தொட்டி வைத்து, தினமும் மாற்றினால் போதும். சாப்பாட்டுக் குப்பையை மான் எட்டாத மூடிய வாளியில் போடுங்கள். கோயிலுக்குக் கூட்டி வரும் பிள்ளைகளிடம் பிஸ்கட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

அப்புறம், காயப்பட்ட மானைக் கண்டால் நாலு பேர் சேர்ந்து துரத்திப் பிடித்துக் கயிறு போடுவது வேண்டாம். பயந்து ஓடிய மானின் தசை உள்ளுக்குள் சிதைந்துவிடும். பிடிக்கும்போது நன்றாக இருந்த மான் இரண்டொரு நாளில் செத்துப்போகும். நாய்களை விலக்கி, தூர நின்று, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள்.