ஃபிரெயில்டியும் செவ்வாய்ப்பேட்டை நொய்யும்

அம்மாபேட்டையில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, முதியோர் உடல்நலக் கணக்கெடுப்பு என்று சொல்லி ஒரு பெண் படிவத்தோடு வந்தார். பிரஷர், சுகர், கண்புரை வரை எல்லாம் சரளமாகப் போயிற்று. அப்புறம் படிவத்தைப் பார்த்து, "தாத்தா, நீங்க பலவீனமானவரா?" என்றார்.

பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது. "நானா? நாப்பது வருசம் குழித்தறி மிதிச்சவன் கண்ணு நான். இல்லைன்னு போட்டுக்க." அவரும் அப்படியே போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

இதே பெரியப்பாவுக்கு ஒரு வருஷத்தில் சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகப் பேத்தியைக் கூப்பிடுகிறார். தெருமுனை டீக்கடைக்குப் போவதற்குள் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஒரு தடவை உட்கார்ந்து எழுகிறார். படிவம் தேடி வந்த ஆளே இவர்தான். ஒரு சொல் அவரைத் தப்பவிட்டுவிட்டது.

படிவத்தில் தமிழுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலமும் இருந்தது. 'ஃபிரெயில்' என்பதைத்தான் 'பலவீனமானவர்' ஆக்கியிருந்தார்கள். நாளிதழ் மருத்துவப் பக்கத்திலும் சுவரொட்டியிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த மொழிபெயர்ப்பு. வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

லத்தீனில் உடைத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து ஃபிராகிலிஸ், அது பழைய பிரெஞ்சு வழியாக ஃபிரெயில். சொல்லின் பிறப்பு அவ்வளவுதான்.

மருத்துவத்தில் இதற்குக் கறாரான பொருள் உண்டு. 2001-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைடும் அவரோடு வேலை செய்தவர்களும், 65 வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் அமெரிக்கர்களின் தரவை வைத்து ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயற்சி செய்யாமலே ஒரு வருஷத்தில் நாலரைக் கிலோ அளவுக்கு எடை குறைவது, எதற்கும் அலுப்பு, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் ஃபிரெயில். ஒன்றோ இரண்டோ என்றால் அதற்கு முந்தைய படி. இது நோயும் இல்லை, ஊனமும் இல்லை என்பதைத் தனியாகவே பிரித்துக் காட்டினார்கள். சுகர் இருந்தும் திடமாக நடமாடுகிறவர் உண்டு. ஒரு நோயும் இல்லாமல் உடம்பின் கையிருப்பு கரைந்துபோனவரும் உண்டு. இந்த இரண்டாமவருக்கு ஒரு சளிக்காய்ச்சலோ, குளியலறையில் ஒரு வழுக்கலோ போதும். படுத்தவர் பழைய நடைக்குத் திரும்புவது கஷ்டம். முன்கூட்டியே கண்டுபிடித்தால் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியாலும், பருப்பு, முட்டை என்று புரதம் கூட்டிய சாப்பாட்டாலும் பலரைத் தேற்ற முடியும். அதற்காகத்தானே வீடு வீடாகப் போய்க் கேட்பது?

இப்போது 'பலவீனம்'. பலம், ஹீனம் என்ற இரண்டு வடசொற்களின் கூட்டு. வடசொல் என்பதால் எனக்குச் சண்டை இல்லை; பிரஷரையும் சுகரையும் சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான் நானும். அந்தச் சொல் ஏற்கெனவே எத்தனை வீட்டில் குடியிருக்கிறது என்பதுதான் என் சங்கடம். காய்ச்சல் விட்ட மறுநாள் எனக்கும் பலவீனம். சீட்டாட்டம் ஒருவரின் பலவீனம். எதிரணிப் பந்துவீச்சு பலவீனம், கூட்டணி பலவீனம். வீக், ஃபிரெயில், வல்னரபிள் மூன்றையும் இந்த ஒரே கோணிப்பையில்தான் கொட்டுகிறார்கள். போதாக்குறைக்கு அதில் ஒரு வசையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உழைத்துப் பிழைத்த மனுஷன் "ஆமாம், நான் பலவீனன்" என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் சொல்வாரா?

'தளர்ச்சி' பரவாயில்லை. ஆனால் ஐந்து அடையாளங்களில் ஒன்றான அலுப்புக்கே அது வேண்டியிருக்கிறது. 'நலிவு' என்றால் நலிந்த பிரிவினர், உதவித்தொகை என்று மனசு போய்விடுகிறது. 'எளிதில் உடையும் முதியவர்கள்' என்றும் ஓரிடத்தில் படித்தேன். பீங்கான் பெட்டிமேல் ஒட்ட வேண்டிய சீட்டு அது.

என் கட்சி 'நொய்மை'. மென்மை, லேசு, வலுவின்மை எல்லாம் இந்த அடியில் அடக்கம். கம்பர் அவையடக்கத்தில் தன் சொல்லை 'நொய்தின் நொய்ய சொல்' என்கிறார். இலக்கியத்தை விடுங்கள், சேலத்துக்காரருக்கு உடைந்த அரிசியான நொய் தெரியாதா? செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் அரிசியோடு நொய்யும் விற்கிறார்கள். ராகிக் களிக்கு நொய் போடாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அரிசியையும் நொய்யையும் ஒரே அடுப்பில், ஒரே நேரம் வேகவைத்துப் பாருங்கள். அரிசி பருக்கையாக நிற்கும், நொய் குழைந்துவிடும். ஒரே காய்ச்சல் இருபது வயதுக்காரனை என்ன செய்கிறது, நொய்ந்த எண்பதை என்ன செய்கிறது என்று விளக்க இதைவிட வேறென்ன வேண்டும்? இத்தனைக்கும் ஆங்கிலச் சொல்லின் அடியிலும் உடைதல்தான் இருக்கிறது.

ஒரு வில்லங்கம் உண்டு, மறைக்கவில்லை. கொம்பு ஒன்று மாறினால் 'நொய்மை' 'நோய்மை' ஆகிவிடும். பிழை திருத்துகிறேன் என்று யாராவது மாற்றினால், நோயில்லாத நிலைக்கு நோய் என்றே பெயர் விழுந்துவிடும். 'மூப்பு நொய்மை' என்று சேர்த்து எழுதினால் கொஞ்சம் காப்பு. அதற்குப் பயந்து பலவீனத்துக்கு ஓடத் தேவையில்லை.

அதே படிவத்தில் இன்னொரு கேள்வி: "கடந்த ஆண்டில் வீழ்ச்சி அடைந்தீர்களா?" ரூபாய் வீழ்ச்சி அடையும், பேரரசு வீழ்ச்சி அடையும். பெரியப்பா கீழே விழுவார். மொழிபெயர்த்தவர் தன் வீட்டுக் கிழவியிடம் இந்தக் கேள்வியை ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டிருந்தால், அதோடு அந்த வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதியிருப்பார்.

2017-18-இல் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களின் துணைவர்கள் என்று 72,000-க்கும் அதிகமானவர்களைச் சந்தித்த, முதுமை பற்றிய லாசி என்னும் தேசிய ஆய்வில், கைப்பிடி வலுவைக் கருவி வைத்தே அளந்தார்கள். கருவிக்கு மொழி வேண்டாம். கருவி இல்லாமல் வாயால் கேட்கிற இடத்தில்தான் சொல் வேண்டும். நொய்மை என்பது அறிக்கைக்கும் பாடநூலுக்கும் இருக்கட்டும். திண்ணையில் அதையும் கேட்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் பெரியப்பாவிடம் வேறு மாதிரி கேட்டேன்: "பெரியப்பா, கையில முன்ன மாதிரி பிடி இருக்குங்களா?"

"அது போயி ஒரு வருசமாச்சு" என்றார், கேட்ட மாத்திரத்தில்.