மாரியில் முறுக்கினால் கச்சானில் கிழியும்

பாஞ்சோ என்பது பறைபோல் தோல் போர்த்திய முகமுள்ள தந்தி வாத்தியம். பரணில் கிடந்த பழைய பாஞ்சோவின் தோல் கிழிந்திருந்தால் முதலில் எலியைத்தான் திட்டுவார்கள். எலி கடித்த இடம் பிசிறு பிசிறாக இருக்கும். வளையத்தை ஒட்டி ஒரே கோடாக வெடித்திருந்தால் எலியை விட்டுவிடலாம். மாரியில் யாரோ தோலை இறுக்கும் திருகாணியை முறுக்கியிருக்கிறார்கள்.

பாஞ்சோவின் முகத்துக்கு ஆட்டுத்தோலோ கன்றுத்தோலோ போடுவார்கள். செருப்புத்தோல்போல் பதனிட்டதல்ல, மயிரும் சவ்வும் நீக்கி, இழுத்துக் காயவிட்டது. அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். ஈரக்காற்றில் நீர் மூலக்கூறுகள் நார்களுக்கிடையே புகுந்து பிணைப்பைத் தளர்த்த, தோல் தொய்யும். நீர் வெளியேறினால் நார்கள் நெருங்கிச் சுருங்கும். கோயில் வாசலில் பறையைத் தீயில் காட்டிவிட்டு அடிப்பதும் அந்த நீரை விரட்டத்தான்.

பறைக்குத் தொய்ந்தால் சத்தம் மட்டும்தான் மந்தமாகும். பாஞ்சோவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. தந்திகளைத் தாங்கும் குதிரை தோலின்மேல் ஒட்டப்படாமல், தந்தி அழுத்தத்திலேயே நிற்கிறது. தோல் தொய்ந்தால் குதிரை தாழும். தந்திகள் கழுத்திலுள்ள கட்டைகளில் உரசி இரையும். உடனே சாவியை எடுத்து முறுக்கத் தோன்றும். ஐப்பசி, கார்த்திகையில் வன்னியில் முறுக்கிய தோல், கச்சான் என்ற வறண்ட காற்று வீசும் ஆனி, ஆடியில் காயும். விளிம்பு பிடிபட்டிருப்பதால் சுருங்க வழியில்லை. இழுவிசை ஏறிக்கொண்டே போய், வளையத்தில் மடிந்த இடத்தில் வெடிக்கும்.

சரி, புதுத்தோல் போடுவது எப்படி? துருப்பிடித்த நட்டுகளில் மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் இளகும். தோலை வாத்தியத்தின் வட்டச் சட்டத்தைவிட நாலாபக்கமும் தாராளமாக வெட்டி, பச்சைத்தண்ணீரில் துணிபோல் துவளும்வரை ஊறவைக்க வேண்டும். சுடுதண்ணீர் கூடவே கூடாது. ஈரக் கொலாஜன் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் நிரந்தரமாகச் சுருண்டுவிடும். பிறகு அது வாத்தியத்துக்கு உதவாது. ஊறிய தோலைச் சட்டத்தில் விரித்து, கம்பி வளையத்தை மேலே வைத்து, ஓரத்தை வளையத்தின்மேல் மடித்து, இறுக்கும் பட்டையை அதன்மேல் அமர்த்த வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, விரலால் திருகும் அளவுக்கு மட்டும். ஈரத்தோலைத் தட்டி நாதம் தேடக்கூடாது. நிழலில் ஓரிரு நாள் காயும்போது இழுவிசை தானாக வரும். வெயிலில் வைத்தால் ஓரிடம் முந்திக் காய்ந்து கோணலாகும். அப்புறம்தான் மிச்சத்தை வெட்டி, சாவியால் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குவது. தோலின் சுருதி இரண்டு மடங்காக இழுவிசை நான்கு மடங்காக வேண்டும் என்பதால், இந்தக் கட்டத்தில் பேராசை ஆபத்து.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பொலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக்கில் முகம் வந்தது. அதற்கு மாரியும் ஒன்றுதான், கோடையும் ஒன்றுதான். மேடைக்காரருக்கு அதுவே நல்லது. வீட்டுப் பழைய வாத்தியத்துக்கு நான் தோலைத்தான் சொல்வேன். மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திய வாத்தியங்களிலிருந்து பிறந்தது பாஞ்சோ. தோலில் கூர்மை சற்று அடங்கிக் கேட்கும் அந்த நாதம் பிளாஸ்டிக்கில் வருவதில்லை.

மாசி, பங்குனியில் வேலையை வைத்துக்கொண்டால் காற்று அதிகம் ஏமாற்றாது. கடைசியில் குதிரையை நிறுத்த ஓர் அளவு: கழுத்தின் மேல்முனையிலிருந்து பன்னிரண்டாம் கட்டைக்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து குதிரைக்கும் அவ்வளவு. மாரியில் வாசிக்க இறுக்கினால், எத்தனை சுற்று என்று குறித்துவைத்து, மழை விட்டதும் அத்தனையும் தளர்த்திவிட வேண்டும்.