நான்காம் நாளில் ஏன்?

"மாரடைப்பு வந்து மூன்று நாள் அப்பா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலையில் மூச்சு வாங்கியது, மதியத்துக்குள் போய்விட்டார். எப்படி?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். அவர் அப்பாவுக்கு நடந்தது இதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இப்படி நடக்க வழி உண்டு.

ரத்தக்குழாய் அடைபட்டால் இதயத் தசை சாகும், தெரிந்ததுதான். செத்த தசையை வெள்ளணுக்கள் அரித்து அகற்றும். அங்கே தழும்பு இறுகப் பல வாரங்கள் ஆகும். பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் எழும்பவில்லை. அந்த இடைவெளிதான் முதல் வாரம். இதயமோ நாளைக்கு லட்சம் முறை துடித்துக்கொண்டிருக்கிறது. வெளிச்சுவர் கிழியலாம், இரு கீழறைகளின் நடுச்சுவர் ஓட்டையாகலாம், வால்வை நூலால் பிடித்திருக்கும் பாப்பில்லரி தசை அறுந்துபோகலாம்.

இந்தத் தசையைப் பார்க்க வேண்டுமா? கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி, இடது கீழறையைக் கீறுங்கள். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வின் இதழ்களிலிருந்து வெள்ளை நூல்கள் இறங்கி, விரல் போன்ற தசைகளில் முடியும். நூல்கள் தாமாகச் சுருங்காது. அறை சுருங்கும்போது அதன் அடிப்பகுதி வால்வை நெருங்குவதால் நூல் தொய்ந்து, இதழ் மேலறைக்குள் புரண்டுவிட வேண்டும். புரளாததற்குக் காரணம், அதே நொடியில் தசையும் சுருங்கி, பட்டம் விடுபவர் நூலைச் சுண்டுவதுபோல் தொய்வை எடுத்துவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும்!

மனிதருக்கு இப்படி இரண்டு தசைகள். முன்பக்கத் தசைக்குப் பெரும்பாலும் இரண்டு குழாய்களிலிருந்து ரத்தம் வருகிறது. பின்பக்கத் தசைக்குப் பலருக்கும் ஒன்றுதான். அதனால் பின்பக்கத் தசைதான் அதிகம் அறுகிறது, சிறிய மாரடைப்பில்கூட. அறுந்தால் ரத்தம் மேலறைக்குத் திரும்பி, நுரையீரலில் நீர் கோத்துவிடும். அறுவை சிகிச்சைதான் வழி.

அடைப்பைச் சீக்கிரம் திறக்கும் இந்தக் காலத்தில், சுவர் கிழிவது, நடுச்சுவர் ஓட்டையாவது, தசை அறுவது ஆகிய மூன்றும் சேர்ந்தே நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகின்றன. ஆனால் நெஞ்சு வலியை வாயு என்று சொல்லி, சோடா குடித்துவிட்டு விடியும்வரை படுத்திருப்பவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

இன்னொன்று: தசை முழுதாக அறுந்தால் மேலறை, கீழறை இரண்டின் அழுத்தமும் நெருங்கிவிடுவதால், ஸ்டெதாஸ்கோப்பில் இரைச்சல் சரியாகக் கேட்காமலே போகலாம். எக்கோவில், அதாவது இதயத்தை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேனில்தான் தெரியும். சிறிய ஊர் மருத்துவமனையிலும் இரவு இரண்டு மணிக்கு எக்கோ பார்க்க ஆள் இருக்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். அறுந்த தசைத் துண்டு, நூலின் நுனியில் அப்படியும் இப்படியும் ஆடுவது திரையில் தெரியும்.