ஒன்றை அழுத்தினால் அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது?

"139க்கு போன் செய்து பி.என்.ஆர். எண்ணை அழுத்துகிறேன். வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அப்படியும் பத்து இலக்கத்தையும் சரியாகப் பிடித்து, டிக்கெட் கன்ஃபார்ம் ஆனதா இல்லையா என்று சொல்லிவிடுகிறது. நான் எந்தப் பட்டனை அழுத்தினேன் என்று அந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அருமையான கேள்வி. ரயில் விசாரணைக்கு 139, விவசாய ஆலோசனைக்கு 1800 180 1551, மனநல உதவிக்கு 14416 என்று நாம் கூப்பிடும் எண்களில், "தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும்" என்று ஒரு குரல் சொல்லும் இடமெல்லாம் அறுபது வருடப் பழைய ஒரு நுட்பத்தின் மேல்தான் நிற்கிறது.

அதற்கு முன்பு சுழல் டயல் இருந்தது. 5 என்று சுற்றிவிட்டால் லைனில் ஓடும் மின்சாரம் ஐந்து முறை அறுந்து ஒட்டும். 0க்குப் பத்து முறை. எக்ஸ்சேஞ்ச் அதை எண்ணிக்கொள்ளும். ஆனால் அந்தத் துடிப்புகளின் வேலை உள்ளூர் எக்ஸ்சேஞ்சோடு முடிந்துவிடும். அழைப்பு இணைந்த பிறகு மறுமுனை வரை போய்ச் சேர்வது குரல் மட்டும்தான். சரி, இலக்கத்தையும் குரல் போகும் அதே வழியில் ஒலியாகவே அனுப்பிவிட்டால் என்ன? அமெரிக்காவின் பெல் ஆய்வகப் பொறியாளர்கள் அதைத்தான் செய்தார்கள். 1963 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்டன் போன் வாடிக்கையாளர்களின் வீட்டுக்கு வந்தது. நட்சத்திரமும் ஹேஷும் 1968இல் சேர்ந்தன.

பட்டன்கள் நான்கு வரிசை, மூன்று பத்தி. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுருதி உண்டு: மேலிருந்து கீழாக 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். பத்திகளுக்கு இடமிருந்து வலமாக 1209, 1336, 1477. ஒரு பட்டனை அழுத்தினால் அதன் வரிசைச் சுருதியும் பத்திச் சுருதியும் சேர்ந்து ஒலிக்கும். 5 இரண்டாவது வரிசையில், நடுப்பத்தியில் இருக்கிறது. ஆகவே 770உம் 1336உம். 1633 என்று நான்காவது பத்தி ஒன்றும் உண்டு. அமெரிக்க ராணுவத் தொலைபேசியில் முக்கிய அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்க அது பயன்பட்டது. நம் போன்களில் அது இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது. ஒரே லைனில் பேச்சும் போகிறது, இலக்கமும் போகிறது. யாராவது பேசும்போது அவர் குரலை 5 என்று இயந்திரம் எடுத்துக்கொண்டால் என்ன ஆவது? ஒற்றைச் சுருதியை வைத்திருந்தால் விசிலடித்தே ஏமாற்றிவிடலாம். அதனால்தான் இரண்டு. ஆனால் மனிதக் குரலிலும் ஒரே நேரத்தில் பல சுருதிகள் இருக்கின்றனவே! உங்கள் குரல்வளை நொடிக்கு 120 முறை அதிர்ந்தால் 120 மட்டும் வெளியே வருவதில்லை. 240, 360, 480 என்று அதன் மடங்குகளும் கூடவே வரும். அப்படியென்றால் குரலின் அடையாளமே இந்த முழு மடங்கு உறவுதான். பொறியாளர்கள் அந்த உறவு ஒட்டாத எண்களைத் தேடிப் பிடித்தார்கள். 697இன் இரு மடங்கு 1394. அது 1336க்கும் 1477க்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் விழுகிறது. 770இன் இரு மடங்கு 1540. அது 1477க்கும் 1633க்கும் நடுவே. 852ஐயும் 941ஐயும் இரட்டித்தால் எல்லாப் பத்திகளையும் தாண்டிப் போய்விடும். வரிசைச் சுருதிகள் ஒரு குழு, பத்திச் சுருதிகள் ஒரு குழு; ஒரு குழுவுக்குள் அடுத்தடுத்த சுருதிகளின் விகிதம் ஏறத்தாழ 21/19, அதாவது 1.105. கர்நாடக இசையில் சட்ஜமத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்குப் போகும் விகிதம் 9/8, அதாவது 1.125. இது அதைவிடக் கொஞ்சம் குறைவு. போன் பட்டன் ஒலி பாட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு இதமாக இல்லாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

கேட்கும் இயந்திரமும் லேசில் நம்பாது. வரிசைக் குழுவில் ஒன்று, பத்திக் குழுவில் ஒன்று, சரியாக அவ்வளவுதான் இருக்க வேண்டும். இரண்டின் பலமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சுருதி ஒன்றரை சதவீதம் வரை விலகலாம். மூன்றரை சதவீதத்துக்கு மேல் போனால் தள்ளுபடி. பொதுவாக 40 மில்லிசெகண்டாவது நீடிக்க வேண்டும். இத்தனையும் தேறினாலும் இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது: கேட்ட சுருதியின் இரு மடங்கும் கூடவே ஒலிக்கிறதா என்று பார்க்கும். ஒலித்தால் அது மனிதக் குரல், பட்டன் இல்லை.

இந்தச் சுருதிகளைக் கணினி எப்படிக் கேட்கிறது? தொலைபேசி ஒலி நொடிக்கு 8000 முறை அளக்கப்பட்டு, 8000 எண்களாக வந்து சேர்கிறது. 1958இல் ஜெரால்ட் கோர்ட்செல் வெளியிட்ட ஒரு கணக்கு முறை இங்கே கைகொடுக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னக் குழந்தையின் கைத்தள்ளலிலேயே உயரப் போகும். தாளம் தப்பித் தள்ளினால் எவ்வளவு பலம் கொடுத்தாலும் தடுமாறி நிற்கும். கணினிக்குள் சுருதிக்கு ஒன்றாக அப்படி எட்டு ஊஞ்சல்கள் இருக்கின்றன. புதிய எண் ஒன்று வந்ததும், தன் கடைசி மதிப்பை ஒரு மாறாத எண்ணால் பெருக்கு, அதற்கும் முந்தைய மதிப்பைக் கழி, வந்த எண்ணைக் கூட்டு. ஒவ்வொரு ஊஞ்சலும் செய்வது இவ்வளவே. 770க்கு அந்த மாறாத எண் 1.645. இப்படி 205 முறை செய்து முடித்தால், ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு நொடிதான் கழிந்திருக்கும். அதற்குள் 770 ஊஞ்சலும் 1336 ஊஞ்சலும் உயர எழும்பியிருக்கும், மற்ற ஆறும் அசைந்துகொண்டு மட்டும் இருக்கும். ஒரு பெருக்கல், ஒரு கழித்தல், ஒரு கூட்டல். பள்ளிக்கூடக் கணக்கு நோட்டிலேயே செய்து பார்க்கலாம். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மகிழ்ச்சி பொங்கும்.

வாசகியின் டிவிச் சத்தத்துக்கு வருவோம். வீட்டு லேண்ட்லைன் என்றால், பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் அந்தக் கணத்தில் போன் தன் மைக்கை அடக்கிவிடும். பிள்ளைகளின் கூச்சல் அப்போது லைனில் ஏறுவதே இல்லை.

செல்போனில் கதை வேறு. செல்போன் நம் பேச்சைச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கும் முறை மனிதத் தொண்டையை மாதிரியாக வைத்து அமைக்கப்பட்டது. தொண்டையில் பிறக்க முடியாத இரட்டைச் சுருதியை அதில் திணித்தால் உருக்குலைந்துவிடும். அதனால் ஜிஎஸ்எம் (2ஜி) போன் அந்த ஒலியை அனுப்புவதே இல்லை. "5 அழுத்தப்பட்டது" என்று டவருக்கு ஒரு தகவலை மட்டும் அனுப்புகிறது. நெட்வொர்க்கே 770ஐயும் 1336ஐயும் சுத்தமாக உருவாக்கி மறுமுனைக்குக் கேட்க வைக்கிறது. 4ஜி வழியே குரல் போகும் வோல்ட்டி அழைப்பிலும் இலக்கம் தனித் தகவலாகவே போகும். உங்கள் காதில் விழும் 'பீப்', போன் உங்களுக்காக எழுப்புவது.

இது புரிந்தால் ஒரு பழைய வதந்தியும் உடையும். "யாராவது போன் செய்து #90 அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள், சிம்மைக் காப்பியடித்துவிடுவார்கள்" என்று வருடக்கணக்காக வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதில் உண்மை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அழுத்துவது மறுமுனைக்குப் போகும் ஒலி மட்டுமே, சிம்மை அது தொடாது. ஆனால் புது அழைப்பாக *401* என்று தொடங்கி ஒரு எண்ணை டயல் செய்யச் சொன்னால் அது நிஜமான ஆபத்து. அங்கே அதே பட்டன்கள் நெட்வொர்க்குக்குக் கட்டளையாகப் போகின்றன; உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் மோசடிக்காரரின் எண்ணுக்குத் திரும்பிவிடும், குரல்வழி ஓடிபி உட்பட. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையே 2024இல் இதைப் பற்றி எச்சரித்தது. பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ உடனே கூப்பிடுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன்: உங்கள் போனிலிருந்து பட்டன் ஒலி வெளியே கேட்டால், அதைப் பதிவு செய்கிற எவரும் இதே ஊஞ்சல் கணக்கை வைத்து எந்த எண் என்று படித்துவிடலாம். பொது இடத்தில் வங்கிப் பின் நம்பரை அழுத்தும்போது கீபேட் ஒலியை அணைத்துவிடுங்கள்.

எந்தச் சேவை தொடங்கினாலும் "ஆப் வந்துவிட்டது" என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு ஆப் எதற்கு உதவும்? அவருக்கு எட்டுவது ஒரு நல்ல தொலைபேசி எண்தான். அடுத்த கட்டம், பட்டனே வேண்டாம் என்று பேச்சைப் புரிந்துகொள்ளும் இயந்திரங்கள். அதற்கு நாகர்கோவில் தமிழும் கோவைத் தமிழும் புரிய வேண்டும். அந்தப் பேச்சுகளைச் சேகரித்து ஆராய்வதற்குப் பணம் வேண்டும். 1984இல் அரசு சி-டாட் என்ற தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கிப் பணம் கொடுத்ததால்தான், ஏசி இல்லாமல் கிராமத்து வெயிலிலும் ஓடக்கூடிய எக்ஸ்சேஞ்ச் நமக்குக் கிடைத்தது. தமிழ்ப் பேச்சு ஆராய்ச்சிக்கும் அதே மனதோடு செலவு செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

செய்து பார்க்க ஆசையா? ஒலியின் அதிர்வெண்ணை வரைந்து காட்டும் இலவச ஆப் ஒன்றை ஒரு போனில் திறந்துகொள்ளுங்கள். இன்னொரு போனில் டயல் பேடைத் திறந்து, கீபேட் ஒலியை இயக்கி, 5ஐ அழுத்திப் பிடியுங்கள். 770க்கும் 1336க்கும் பக்கத்தில் இரண்டு கூர்முனைகள் எழும். வீட்டில் பழைய லேண்ட்லைன் போன் இருந்தால் இன்னும் நல்லது. அடியிலோ பக்கவாட்டிலோ சின்ன சுவிட்ச் இருந்தால் அதை 'டி' (T, டோன்) பக்கம் தள்ளிவிட்டு, 1ஐயும் 2ஐயும் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான பழைய போன்களில் பத்திச் சுருதி இரண்டும் விழுந்துவிடும், அந்த வரிசைக்குப் பொதுவான 697 மட்டும் தனியாக ஒலிக்கும்.