டேஷ்போர்டு பச்சைதான், ஆப் நிற்கிறதே?

"எங்க ஆப் கிராஷே ஆகாது சார், கிராஷ்லிட்டிக்ஸைப் பாருங்க, 99.9%" என்று ஸ்க்ரீன்ஷாட் வருகிறது. கிராஷ்லிட்டிக்ஸ் என்பது ஆப் திடீரென மூடிக்கொள்ளும் கிராஷ்களைப் பிடித்து அனுப்பும் கூகுளின் கருவி. பிளே ஸ்டோரைத் திறந்தால் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள்: பணம் கட்டும் பக்கம் வெள்ளையாக நிற்கிறது, எதை அழுத்தினாலும் அசைவதில்லை. கடைசியாக என்னிடம் வந்த டீமின் கதையும் இதுவே. பணம் கட்டும் ஃபங்ஷனைச் சுற்றி, பிழையைப் பிடிக்கும் ஒரு ட்ரை-கேட்ச், கேட்சுக்குள் ஒரு வரிகூட இல்லை. பிழையை விழுங்கிவிட்டு ஆப் பேசாமல் உட்கார்ந்திருந்தது. கிராஷ் ஆகவில்லை, உண்மைதான்.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அந்தச் சதவீதம் சொல்வது ஒன்றுதான்: ஆப்பைத் திறந்தவர்களில் எத்தனை பேருக்கு, அந்தக் கருவியால் பிடித்து அனுப்ப முடிந்த கிராஷ் வரவில்லை என்பது. பிடிக்க முடியாதவை ஏராளம். மெமரி போதாமல் ஐஓஎஸ் உங்கள் ஆப்பைக் கொன்றால், அந்தச் சிக்னலை எந்த ஆப்பாலும் பிடிக்க முடியாது. கிராஷ் ரிப்போர்ட் பெரும்பாலும் அடுத்த தடவை ஆப்பைத் திறக்கும்போதுதான் சர்வருக்குப் போகிறது. கடுப்பில் அப்போதே அன்இன்ஸ்டால் செய்தவரின் ரிப்போர்ட் வரவே வராது. கருவி துவங்கும் முன்பே ஆப் விழுந்தாலும் அப்படித்தான். ஃப்ளட்டர் என்ற ஆப் கட்டும் கருவியில் ஒரு விட்ஜெட் (திரையின் ஒரு துண்டு) உடைந்தால், பயனருக்குப் போகும் ரிலீஸ் பில்டில் சாம்பல் நிறக் கட்டம் தெரியும், ஆப் ஓடிக்கொண்டே இருக்கும்; பிழையைப் பிடித்துச் சொல்லும் எரர் ஹேண்ட்லர்களை நீங்களே இணைக்காவிட்டால் அது டேஷ்போர்டில் யார் கண்ணிலும் படாது. சரி, அந்த 99.9 முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். தினமும் 10 லட்சம் பேர் திறக்கும் ஆப்பில் மிச்சம் 0.1% என்றால் 1,000 பேர். அவர்களில் பாதிப் பேர் ஒரே மலிவு விலை போன் மாடலில் இருக்கலாம். சராசரியில் அது தெரியாது.

கூகுள் தனியாகக் கணக்கு வைத்திருக்கிறது, அதை ஏனோ யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆப் வெளியிடுபவர்களுக்கான பிளே கன்சோலில் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் என்று ஒரு பக்கம். தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் கிராஷோ, 0.47 சதவீதத்துக்கு மேல் ஏஎன்ஆரோ (ஆப் உறைந்து நிற்பது) வந்தால் ஸ்டோரில் உங்கள் ஆப் கண்ணில் படுவது குறையலாம். ஒரு குறிப்பிட்ட மாடலில் மட்டும் 8 சதவீதத்தைத் தாண்டினாலும் சிக்கல்தான். ஏஎன்ஆர் என்பது தொட்டு 5 விநாடி ஆகியும் ஆப் அசையாமல் நிற்பது. பயனருக்கு அதுவும் கிராஷும் ஒன்றே. இவற்றோடு, ஆண்ட்ராய்டு 11 முதல் முந்தைய தடவை ஆப் ஏன் செத்தது என்று சிஸ்டத்திடமே கேட்கலாம், ஐஓஎஸ் 14 முதல் ஆப்பிளின் மெட்ரிக்கிட்டிலும் அந்தக் கணக்கு கிடைக்கும். பயன்படுத்துங்கள்.

2020 மே மாதமும் ஜூலையிலும் நடந்ததை மறக்க வேண்டாம். பல ஆப்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் கோடான ஃபேஸ்புக் எஸ்டிகே-யின் சர்வர் பக்கம் ஒரு மாற்றம். ஐபோனில் ஸ்பாட்டிஃபை, டிண்டர் போன்ற ஆப்கள் திறந்தவுடனே விழுந்தன. அவை விழுவதற்கு, அந்த ஆப்களில் யாரும் புது ரிலீஸ் விட வேண்டியிருக்கவில்லை. "நாங்க எதுவுமே மாத்தலையே" என்ற வாதம் அதனால் செல்லாது.

அப்புறம், கோடின் அசல் பெயர்களை மீட்டுத் தரும் மேப்பிங் ஃபைலையும் (ஆண்ட்ராய்டு) டிசிம்மையும் (ஐஓஎஸ்) ஏற்றாமல் ரிலீஸ் விடுவதை நிறுத்துங்கள். கோட் எங்கே விழுந்தது என்று காட்ட வேண்டிய ஸ்டாக் ட்ரேஸ் a.b.c என்று வந்தால், அதை வைத்து ஜோசியமா பார்ப்பது? கேட்ச் செய்யும் பிழைகளை நான்-ஃபேட்டலாக (ஆப்பை விழ வைக்காத பிழையாக) பதிவு செய்யுங்கள். அதற்காக எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். ஒரு செஷனில் கடைசி எட்டைத்தான் கிராஷ்லிட்டிக்ஸ் வைத்துக்கொள்ளும். லாகில் பயனரின் போன் நம்பர், ஓடிபி எல்லாம் போகின்றன, பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். உடனே எடுங்கள், பயனரை அடையாளம் காண ஒரு உள் ஐடி போதும்.

அலர்ட் வரும் சேனலை மியூட் செய்து வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அலர்ட்டைக் குறையுங்கள், மியூட்டை எடுங்கள். ஒவ்வொரு ரிலீஸ் பில்டையும் வெளியே விடும் முன், டெபக்கரை (பிழை தேடும் கருவியை) இணைக்காமல், வேண்டுமென்றே ஒருமுறை கிராஷ் செய்யுங்கள். மறுபடி திறந்து, டேஷ்போர்டில் சரியான ஃபைல் பெயரும் வரி எண்ணும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையா? அந்த பில்ட் வெளியே போகக் கூடாது.